வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?

2018 மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். புனேயின் கோந்த்வாவில் நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்புக்கு இரண்டே படிகள்தான். அந்த இரண்டு படிகளை ஏற முடியாமல் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சுபேதாராக ஓய்வுபெற்று, சாளுங்கே விஹார் பக்கம் குடியிருந்தார். காலை ஐந்தரைக்கு லுல்லாநகர் வரை நடந்து திரும்புகிற மனிதர். அன்றைக்கு அவர் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"தொடை ரெண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும்மா. வலிக்கு ஏதாச்சும் ஒரு மாத்திரை குடு, போட்டுக்கிட்டுப் படுக்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் அதிகம். ஒரு வலி மாத்திரையைக் கிழித்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஏதோ உறுத்தியது. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஐந்தாறு நாளாம். கீழே உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறாராம். கொஞ்சம் தயங்கி, சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கட்டங்காப்பி கணக்கா போவுது. வெயில்ல அலைஞ்சேன்ல, சூடுன்னு நெனச்சேன்." ஒரு வாரமாக வெயிலே இல்லை. விடாமல் மழை.

"ஐயா, வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றேன். பேரன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தான். கவுண்டரில் கவிழ்த்தேன். நான்கு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரை அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. இருந்தது. ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை இருந்தன. பக்கத்திலேயே இட்ராகோனசோல் கேப்ஸ்யூல், காலை ஒன்று இரவு ஒன்று. இடுப்பில் படர்தாமரை என்று ஒரு தோல் டாக்டரிடம் போயிருக்கிறார். மூன்று வாரமாகச் சாப்பிடுகிறார். இதய மாத்திரை சாப்பிடுவதைத் தோல் டாக்டரிடம் சொல்லவில்லை. "அது வேற டாக்டர், இது வேற டாக்டர்தானேம்மா?"

அந்த கேப்ஸ்யூல் எங்கள் கடையில் வாங்கியது. பில் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தது என் கை. அடோர்வாஸ்டாட்டினை மாதாமாதம் கொடுப்பதும் அதே கை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய ஒரே ஆள் நான்தான். பார்க்கவில்லை.

அன்று வலி மாத்திரை கொடுக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வலி மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் நெரிக்கும். ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். இரண்டு மாத்திரைப் பட்டைகளையும் ஒரு கவரில் போட்டு, "டாக்டர்கிட்ட முதல்ல இதைக் காட்டுங்க" என்று பேரன் கையில் கொடுத்தேன். தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே.யை ரத்தத்தில் பார்த்தார்கள். சாதாரணமாக இருநூறு சொச்சத்துக்குள் இருக்கவேண்டிய அளவு அவருக்குப் பல ஆயிரங்களில் இருந்தது. சலைன் ஏற்றி, நாலைந்து நாள் வைத்திருந்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நடந்ததை எளிமையாகச் சொல்கிறேன். அடோர்வாஸ்டாட்டினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி. வயலுக்கு மடை மாதிரி. உள்ளே வந்த தண்ணீர் அந்த மடை வழியாக வடிந்துகொண்டே இருக்கும்வரை பயிர் அழுகாது. இட்ராகோனசோல் அந்த மடையை அடைத்துவிடும். உள்ளே போகிற அளவு அதே 40 மி.கி.தான். வெளியே போக வழியில்லாததால் ரத்தத்தில் சுமார் மூன்று மடங்கு தேங்கிவிடும். அதனால்தான் இட்ராகோனசோலோடு சேர்ந்தால் அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அதே வரம்பு. நெஞ்சுச் சளிக்கும் வயிற்றுப்புண் கிருமிக்கும் அது எழுதப்படுகிறது. இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இந்த இரண்டையும் தொடவே கூடாது. ரோசுவாஸ்டாட்டின் இந்த மடையைப் பெரும்பாலும் நம்பியில்லை, அதனால் அதற்கு இந்த ஆபத்து குறைவு.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. 2001இல் மதுரையில் டி.ஃபார்ம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்டில்தான் செரிவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். தசை சிதைந்து பலர் இறந்துபோயிருந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். வகுப்பில் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, நோட்டில் கட்டம் கட்டி எழுதச் சொன்னார். எழுதினேன், பரீட்சையிலும் எழுதினேன். பதினேழு வருஷம் கழித்துக் கவுண்டரில் அது ஞாபகம் வரவில்லை. காரணம், கவுண்டரில் பத்து பேர் நிற்கும்போது நாம் பார்ப்பது கையில் நீட்டிய சீட்டை மட்டும்தான். சீட்டில் இல்லாதது வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு கேள்வியை விடாமல் கேட்கிறேன்: வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? தமிழில், இந்தியில், தட்டுத்தடுமாறி மராத்தியில்.

கோந்த்வாவில் எல்லா மொழியும் வேண்டும். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று ஒரு காலத்தில் இரண்டு கிராமங்கள். இன்று என்.ஐ.பி.எம். ரோடு நெடுக அடுக்குமாடிகள், ஐ.டி. பிள்ளைகள், அவர்களோடு தங்க வந்த பெற்றோர்கள். ஒருபக்கம் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள், இன்னொருபக்கம் கௌசர் பாக்கின் இஸ்லாமியக் குடும்பங்கள். ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மா திருச்சி டாக்டர் எழுதியதையும் சாப்பிடுவார்கள், மகன் கூட்டிப்போன புனே டாக்டர் எழுதியதையும் சாப்பிடுவார்கள். பெயர் வேறாக இருக்கும், மருந்து ஒன்றாக இருக்கும்.

ஒரு தஞ்சாவூர் அம்மா அப்படித்தான் ஏழு மாதம் சாப்பிட்டார். ஊர் டாக்டர் கொடுத்தது அடோர்வாஸ்டாட்டின் 20. இங்கே கொடுத்தது ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூல். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நிறம். "இது ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு, அது கொழுப்புக்கு" என்று அவர் தெளிவாகவே சொன்னார். அவர் மேல் தப்பில்லை. மேலே பெரிதாக அச்சிட்ட பெயரைத்தான் யாரும் படிப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தப் பொடி எழுத்தில் 'ஸ்டாட்டின்' என்று முடியும் பெயர் இரண்டு பட்டைகளில் இருந்தால் உடனே கேளுங்கள். நிஸ்டாட்டின் இந்தக் கொலஸ்ட்ரால் மருந்துக் குடும்பத்தில் சேராது, அது பூஞ்சைக்கான மருந்து.

பட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று கொடுக்கும் பழக்கம் எங்கள் கடைகளில் உண்டு. கத்தரித்த துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. பெயரும் தேதியும் உள்ள முனையைக் கடைசியில் கத்தரிக்கும்படி கேட்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

ஸ்டாட்டின் மருந்தைக் காட்டிப் பயமுறுத்தவேண்டும் என்பது என் நோக்கமல்ல. இந்தத் தொழிலில் நான் கையால் தொட்ட மருந்துகளில் இதைப்போல உயிர் காத்தவை கொஞ்சம்தான். ஜப்பானின் அகிதா மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 2024இல் தொண்ணூறு வயதில் இறந்தார். அவர் கண்டுபிடித்த வழியில்தான் 1987இல் லோவாஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்தபோது, அது மரணத்தையே குறைக்கிறது என்பது நிரூபணமானது. நமக்கு இது இன்னும் முக்கியம். 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53. மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருஷம் முன்னாலேயே. நாற்பத்தைந்தில் மாரடைப்பு வந்தவர்களின் சீட்டுகள் என் கவுண்டருக்கு வாரம் தவறாமல் வருகின்றன.

ஆகவே அதிகம் சாப்பிட்டு வரும் கெடுதலைவிட, தானாக நிறுத்தி வரும் கெடுதலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்! என்.ஐ.பி.எம். ரோட்டில் ஒரு சொசைட்டியில் குடியிருக்கும் மென்பொருள்காரர் ஒருவர். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 168இலிருந்து 82க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி 160. அவர் சொசைட்டியின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் மழைக்காலமெல்லாம் தண்ணீர் ஊறும். மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் தரை காய்ந்திருக்கிறது. "தரை காஞ்சிடுச்சுன்னு மோட்டாரை நிறுத்துவீங்களா சார்?" என்று கேட்டேன். புரிந்துகொண்டார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதை இந்த மாத்திரை தினமும் தடுக்கிறது, அதனால் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரை நின்ற சில வாரங்களில் பழைய கணக்கு திரும்பிவிடும். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் தன்னிச்சையாக நிறுத்துவது அபாயம்.

மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறேன், பூண்டு சாப்பிடுகிறேன், அதனால் மாத்திரை வேண்டாம் என்பார்கள். குடிப்பதைத் தடுக்க மாட்டேன். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம் என்பேன். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இணையத்தில் விற்கும் கேப்ஸ்யூல் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதிலிருக்கும் மொனாகொலின் கே என்பது லோவாஸ்டாட்டின்தான். ஸ்டாட்டினோடு அதையும் சாப்பிட்டால், தஞ்சாவூர் அம்மா கதை அங்கேயும் நடக்கும்.

அவசரக்காரர்களும் உண்டு. "ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டா சீக்கிரம் குறையும்ல?" குறையாது. அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாகச் சுமார் ஆறு சதவீதம்தான் இறங்கும். பக்கவிளைவின் வாய்ப்புதான் ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் அளவு உங்களுடையதல்ல. ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளையரைவிடச் சுமார் இரண்டு மடங்கு நிற்கிறது என்பதால், ஆசியர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. அமெரிக்காவிலிருக்கும் மருமகன் 20 சாப்பிடுகிறார் என்பதற்காக இங்கே மாமனார் 20 கேட்டு நிற்பதில் அர்த்தமில்லை.

ரம்ஜான் மாதம் எனக்குப் பிடித்த மாதம். கௌசர் பாக் பக்கம் இரவெல்லாம் வெளிச்சம். கடையை நாங்களும் நேரம் கழித்துத்தான் மூடுவோம். அந்த மாதத்தில் ஒரே கேள்வி பலமுறை வரும்: மாத்திரையை ஸஹர் நேரத்தில் போடவா, இஃப்தாருக்குப் பிறகு போடவா? ஒரு மூதாட்டி, என்னை "பேட்டி" என்றுதான் கூப்பிடுவார், நோன்பு முறியுமே என்று மாதம் முழுக்க மாத்திரையையே விட்டிருந்தார். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நெடுநேரம் தங்குபவை. எந்த நேரம் வேண்டுமானாலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். சிம்வாஸ்டாட்டின் மட்டும் சீக்கிரம் கரைந்துபோகும், கொலஸ்ட்ராலைக் கல்லீரல் அதிகம் செய்வது இரவில் என்பதால் அதை இரவில் சாப்பிடவேண்டும். இதைச் சொன்னதும் அந்த மூதாட்டியின் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் கதை வேறு. அதற்கு ரம்ஜானுக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று அனுப்பிவைத்தேன்.

இஃப்தாரில் பஜ்ஜி, சமோசா சாப்பிட்டு நெஞ்செரிச்சல் என்று ஆன்டாசிட் சிரப் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அலுமினியமும் மெக்னீசியமும் உள்ள சிரப்பை ரோசுவாஸ்டாட்டினோடு சேர்த்துக் குடித்தால் மருந்தில் பாதி உடம்பில் சேராது. முதலில் மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து சிரப்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடவேண்டாம். இங்கே பப்பனஸ் என்று விற்கும் பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் நான் சொன்ன அதே மடையை அடைக்கும் வகை. சிம்வாஸ்டாட்டினோ அடோர்வாஸ்டாட்டினோ சாப்பிடுகிறவர்கள் அவற்றைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடவேண்டாம். சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் தாராளமாகச் சாப்பிடலாம். கர்ப்பமாக இருப்பவர்கள், திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் உடனே சொல்லவேண்டும், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இது கூடாது.

வலியைப் பற்றித்தான் நான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன். சுபேதார் விஷயத்துக்குப் பிறகு கொஞ்ச காலம், கால் வலி என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சு படபடத்தது. எல்லாரையும் டாக்டரிடம் துரத்தினேன். பிறகு 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வு ஒன்றைப் படித்தேன். பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேர். ஒரு வருஷத்தில் நாலு மாதம் ஸ்டாட்டின், நாலு மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, நாலு மாதம் காலி டப்பா. எந்த டப்பாவில் மருந்து, எதில் போலி என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் சாப்பிட்ட மாதங்களில் பட்ட அவஸ்தையில் தொண்ணூறு சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. முடிவைக் காட்டியபின் பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள்.

வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த 60 பேருக்கும் நிஜமாகவே வலித்தது. பயத்தோடு விழுங்கும் மாத்திரையும் வலிக்கும் என்பதுதான் அதில் தெரிவது. அதனால் இப்போது உட்காரவைத்துக் கேட்கிறேன். ஒரே முழங்கால் மட்டும் வலித்தால், அதுவும் பத்து வருஷமாக வலித்தால், அநேகமாக இந்த மாத்திரை காரணமில்லை. இரண்டு தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் என்று இருபக்கமும் ஒன்றாக வலித்தால், மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில், அல்லது புதிதாக வேறு மருந்து சேர்ந்தபின் வந்திருந்தால், டாக்டரைப் பார்க்கவேண்டும். சி.பி.கே.யோடு தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் இந்த மாத்திரையைத் தாங்காது. எழுந்திருக்க முடியாத பலவீனமும் கறுத்த சிறுநீரும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது.

கல்லீரல் கெட்டுவிடும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மருந்து தொடங்குமுன் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை வேண்டும். அதன்பின் அறிகுறி இல்லாதவர்களுக்கு மாதாமாதம் அது தேவையில்லை என்று 2012இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குறிப்பை மாற்றிவிட்டது. கண் மஞ்சளானால், சாப்பாடு இறங்காமல் போனால் சோதிக்கவேண்டும். ரத்தச் சர்க்கரை சிலருக்குக் கொஞ்சம் ஏறலாம் என்பது உண்மை. அதற்காக நிறுத்துவதில்லை, சர்க்கரையைக் கவனிப்பார்கள். தொடங்கிய நாலிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் எல்.டி.எல்.லை மறுபடி பார்க்கவேண்டும். அதைத்தான் நம் ஆட்கள் செய்வதில்லை. ஐந்து வருஷப் பழைய சீட்டை மடிப்புக் கிழிந்த நிலையில் நீட்டி, அதே அளவைக் கேட்பார்கள். இது டாக்டர் சீட்டோடு மட்டும் விற்கவேண்டிய மருந்து. ஐந்து வருஷத்தில் உடம்பு மாறியிருக்கும், கூடவே சாப்பிடும் மருந்துகள் மாறியிருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியதில் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். அதில் வருத்தமில்லை.

விலைதான் தடை என்றால், மக்கள் மருந்தகம் என்று தமிழ்நாட்டில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் ஜன் ஔஷதி கடைகளில் இதே மருந்து பொதுப்பெயரில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டேன் என்று ஒரு கட்டட மேஸ்திரி சொன்னபோது நான்தான் அவரை அங்கே அனுப்பினேன். கடை வியாபாரம் போகிறதே என்று என் முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

சுபேதாருக்குக் கேப்ஸ்யூலையும் மாத்திரையையும் ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டார்கள். இட்ராகோனசோல் நிறுத்திய பிறகும் சில நாட்கள் உடம்பில் நிற்கும். அது போகட்டும், சி.பி.கே. இறங்கட்டும் என்று இதய டாக்டர் பொறுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.யில் தொடங்கி, பின்னால் 10 ஆக்கினார். இப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. லுல்லாநகர் வரை மறுபடி நடக்கிறார். பட்டாளத்து டைரி ஒன்றில் மருந்தின் பெயர், அளவு, எந்த டாக்டர், எந்தத் தேதி என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அந்த டைரியைத்தான் மேஜையில் வைக்கிறார்.

நீங்களும் ஒரு தாள் எடுத்து, வீட்டில் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு எதையெல்லாம் சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள். பொடி எழுத்தில் உள்ள பெயரை எழுதுங்கள். கஷாயத்தையும் இணையத்தில் வாங்கிய கேப்ஸ்யூலையும் விடாமல் எழுதுங்கள். அதை அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மெடிக்கலுக்கு வந்தாலும், நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்களே அதை எடுத்து நீட்டுங்கள்.